கணவாய்க்கு அப்பால் ஒரு பேய்வீடு

பேய் என்பதே பொய் என்று பகலெல்லாம் வாதிடுகின்றவர்களும், பேய்ப்படம் வந்திருக்கின்றது என்றால் இரவுக் காட்சிக்கு முதல் ஆளாய்ச் சென்று சீட்டு வாங்குகின்றனர். அச்சம் நாம் விரும்பாத உணர்ச்சி. ஆயினும் அதனைக் காசு கொடுத்து வாங்கி வருகின்றோம். மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்த தொல்காப்பியர் அச்சத்தையும் அவற்றுள் ஒன்றாக வைத்து, அது அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்னும் நான்கினால் பிறக்கும் என்றார். வீட்டைப் பற்றி அவர் தனியே கூறவில்லை. ஆனால் இந்நூற்றாண்டிலும் சென்ற நூற்றாண்டிலும் திரைப்படம் எடுத்தோர், அணங்கு குடியிருப்பதற்கு ஏற்ற இடம் காடுமன்று, சுடுகாடுமன்று, மனிதர் வாழ்ந்துவிட்டுப் போன வீடே என்று கண்டுகொண்டனர். அத்தகைய வீடொன்றை நாம் வாழும் புனேயின் தென்புறத்திலிருந்து சென்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

புனே நகருக்குப் பேய்வீட்டுக் கதை புதிதன்று. 1730-ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டப்பெற்ற சனிவார் வாடாவில், 1773 ஆகஸ்டு 30-ஆம் நாள், இளைஞரான பேஷ்வா நாராயணராவ் கொலையுண்டார். சித்தப்பாவைக் கூவியழைத்துக்கொண்டு அவர் அறை அறையாக ஓடினாரென்றும், முழுநிலா இரவுகளில் அக்குரல் இன்றும் கேட்கின்றதென்றும் ஊரார் கூறுவர். 1828-இல் தீக்கு இரையான அம்மாளிகையில் இன்று எஞ்சியிருப்பவை மதிலும் வாயிலும் அடித்தளங்களுமே. கூரையில்லாத இடத்தில் கதை மட்டும் குடியிருக்கின்றது. ஆயினும் நாம் காணப்போவது வேறொரு வாடா. மராட்டியச் சர்தார்களும் செல்வர்களும் நடுமுற்றம் வைத்துக் கட்டிய பெருமனைகளுக்கு வாடா என்று பெயர். செட்டிநாட்டு வளவையும் தஞ்சைப் பகுதியின் கூடமுற்ற வீட்டையும் அறிந்த நம்மவர்க்கு அதன் அமைப்பை விளக்க வேண்டுவதில்லை.

புறப்படும் இடம் கோந்த்வா. நம் சங்கத்துக் குடும்பங்களுக்குப் பழக்கமான பகுதிதான். எனினும் அதன் பெயரைப் பற்றிச் சற்றுக் கூறலாம். கோந்த்வா குர்த், கோந்த்வா புத்ருக் என அது இரண்டு ஊர். குர்த் என்பது சிறியது, புத்ருக் என்பது பெரியது. இரண்டும் பாரசீக மொழியிலிருந்து மராட்டிக்கு வந்த சொற்கள். நம் நாட்டில் ஊர்ப்பெயருக்கு முன்னே ‘சின்ன’ என்றும் ‘பெரிய’ என்றும் சேர்ப்பது போன்றதே இது. ஒரு காலத்தில் வயலும் மேய்ச்சல் நிலமுமாக இருந்த இச்சிற்றூர்கள் இன்று அடுக்குமாடிகளின் காடாகிவிட்டன. தேசிய வங்கி மேலாண்மை நிறுவனத்தின் பெயரால் ஒரு சாலையும், படைத்துறையினர் குடும்பங்களுக்கென எழுந்த சாலுங்கே விஹாரும், பல மதத்தாரும் பல மொழியாரும் நெருங்கி வாழும் தெருக்களும் அங்கே உள்ளன. ஒரே மாடிப்படியில் மராட்டியும் உருதுவும் மலையாளமும் தமிழும் கேட்பது அங்குப் புதுமையன்று.

புத்ருக்கின் பக்கம் வந்தால் ‘கடி மெஷின் சௌக்’ என்னும் நாற்சந்தி வரும். கடி என்றால் சரளைக்கல். கல்லுடைக்கும் இயந்திரங்கள் ஓடிய காரணத்தால் அப்பெயர் நிலைத்தது. நகரம் எந்த மலையை உடைத்து வீடாக்கிக்கொண்டது என்பதை அச்சந்தியின் பெயரே சொல்லும். அங்கிருந்து தெற்கே யேவலேவாடியைக் கடந்தால் சாலை மெல்ல வளைந்து மேலேறத் தொடங்குகின்றது. இதுவே போப்தேவ் கணவாய். ஏற ஏற அடுக்குமாடிகள் தீப்பெட்டிகளாகச் சிறுத்துப் பின்னே தங்குகின்றன. உச்சியில் நின்று திரும்பிப் பார்த்தால் நாம் அன்றாடம் அலைந்து திரியும் நகரம் முழுவதும் ஒரு தட்டில் வைத்தாற்போலத் தெரியும். மழைக்காலத்தில் மலைச்சரிவு முழுவதும் பச்சைப் பட்டு விரித்தது போலிருக்கும். மாசி, பங்குனியில் அதே சரிவு கன்னங்கரிய பாறையும் காய்ந்த புல்லுமாக மாறிவிடும்.

ஓர் எச்சரிக்கை. இச்சாலையைப் பகலிலேயே கடந்து, பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுதல் நலம். தொல்காப்பியர் கூறிய நான்கனுள் இங்கே இரவில் அஞ்சத்தக்கது அணங்கன்று, கள்வரே.

கணவாய்க்கு அப்பால் ஒரு குன்றின்மீது கானிப்நாதர் கோயில் உள்ளது. நவநாதர் எனப்படும் ஒன்பது சித்தர்களுள் ஒருவர் கானிப்நாதர். அவர் சந்நிதிக்குச் செல்லும் வாயில் மிகச் சிறியது. எத்துணைப் பெரிய மனிதரும் தரையோடு தரையாகப் படுத்து ஊர்ந்துதான் உள்ளே புகவேண்டும். பின்னர் நாம் பேசப்போகும் படத்திலும், செல்வத்தைத் தேடுகின்ற ஒருவன் இருண்ட குழியொன்றில் இறங்கி நுழைகின்றான். ஒருவர் அருளுக்காக ஊர்கின்றார், மற்றவன் பொன்னுக்காக ஊர்கின்றான். வாயிலின் குறுகல் மட்டும் இருவர்க்கும் பொது.

பிவரி, சாம்பளி என்னும் ஊர்களைக் கடந்தால் சாஸ்வட் வந்துவிடும். கோந்த்வாவிலிருந்து ஏறக்குறைய இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர். புரந்தர் வட்டத்தின் தலைமை இடமாகிய இவ்வூர், மலைத்தொடரின் மழைமறைவுப் பக்கத்தில் இருப்பதால் வறட்சியை நன்கறிந்த ஊர். ஆயினும் அந்நிலத்தில் விளையும் அத்திப்பழமும் சீத்தாப்பழமும் புகழ்பெற்றவை. பருவத்தில் சென்றால் வழியெங்கும் கூடைகள் காத்திருக்கும். ஞானேசுவரரின் இளவலாகிய சோபான தேவரின் சமாதி இங்கே உள்ளது. ஆடி ஏகாதசிக்குப் பண்டரிபுரம் செல்லும் ஞானேசுவரர் பல்லக்கு வழியில் இங்குத் தங்கிச் செல்கின்றது. பேஷ்வா மரபை நிலைநாட்டிய பாலாஜி விசுவநாதர் 1720-இல் உயிர்நீத்ததும் இவ்வூரிலேயே. கர்ஹா ஆற்றங்கரையில் நிற்கும் சங்கமேசுவரர் கோயிலின் கருங்கல் படிகளில் அமர்ந்தால் ஒருநாட் பொழுது போவது தெரியாது.

பேஷ்வாக்களுக்குத் துணைநின்ற புரந்தரே குடும்பத்தாரின் வாடா இவ்வூரில் உள்ளது. வீடு என்பதைவிடச் சிறு கோட்டை என்றே அதனைக் கூறலாம். கொத்தளங்களும், உயர்ந்த வாயிலும், கீழே கருங்கல்லும் மேலே செங்கல்லுமாக எழுந்த சுவர்களும் சனிவார் வாடாவின் தம்பி போலத் தோற்றமளிக்கும். காரை உதிர்ந்த இடங்களில் செங்கல் தெரிகின்றது. பிளவுகளில் செடிகள் வேர்விட்டிருக்கின்றன. இது தனியார் உடைமை. ஆதலால் வெளியே நின்று காண்பதே முறை. உடையவர் இசைவின்றி உள்ளே புகுதல் தகாது. வெளியே நின்று காண்பதே போதும் என்பதை அங்குச் சென்றவர் அறிவர்.

2018-ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்த ‘தும்பாட்’ என்னும் இந்திப் படத்தில் நாம் காணும் வாடாவின் காட்சிகள் பல இங்கே எடுக்கப்பெற்றவை. ராஹி அனில் பர்வே இயக்கி, சோஹம் ஷா நடித்த அப்படம், அவ்வாண்டு வெனிஸ் திரைப்பட விழாவின் விமரிசகர் வாரத்தில் தொடக்கப் படமாகத் திரையிடப்பெற்றது. முதன்முறை வெளிவந்தபோது கூட்டம் பெரிதாக இல்லை. ஆறாண்டுகள் கழித்து, 2024 செப்டம்பரில், அதே படத்தை மீண்டும் திரையிட்டபோது முதன்முறையைவிட மிகுதியான பணத்தை ஈட்டியது. ஒருமுறை பார்த்து மறந்துவிடத்தக்க பேய்ப்படத்திற்கு இப்பேறு வாய்ப்பதில்லை. பெரியவர்களுக்கு மட்டும் என்னும் சான்றிதழ் பெற்ற படம் அது. ஆதலால் குழந்தைகளைக் கூட்டிச் செல்ல வேண்டாவென்று தாய்மார்களுக்குச் சொல்லிவிடுவது கடமை.

கதை 1918-இல், கொங்கணத்துத் தும்பாட் கிராமத்தில், ஓயாத மழையில் தொடங்குகின்றது. விநாயக் என்னும் சிறுவன், தாயோடும் தம்பி சதாசிவோடும் வாழ்கின்றான். பழைய வாடாவில் எங்கோ புதையல் உண்டு. அதன் இரகசியத்தை அறிந்தவள் ஒரு மூதாட்டி. சாகாமல் வாழும் சாபம் பெற்று, உருக்குலைந்து, சங்கிலியால் பிணிக்கப்பட்டுக் கிடக்கின்றாள் அவள். அவளுக்கு உணவூட்ட வேண்டும். அவள் விழித்துக்கொண்டால் ‘ஹஸ்தர்’ என்னும் பெயரைச் சொல்ல வேண்டும், உடனே உறங்கிவிடுவாள். ஹஸ்தர் பொன்னாசையால் சபிக்கப்பட்ட ஒரு தெய்வம். தம்பி இறந்தபின் தாய் விநாயக்கை அழைத்துக்கொண்டு ஊரைவிட்டே புறப்படுகின்றாள். எங்கே போகின்றாள்? புனேக்கு! இனி ஒருநாளும் தும்பாடுக்குத் திரும்புவதில்லை என்று மகனிடம் சத்தியமும் வாங்கிக்கொள்கின்றாள். கிழவி அங்கேயே விடப்படுகின்றாள்.

பதினைந்து ஆண்டுகள் செல்கின்றன. 1933-இல், வறுமைப்பட்ட விநாயக் சத்தியத்தை மீறித் திரும்பி வருகின்றான். கிழவி இறக்கவில்லை, அவள் உடலிலிருந்து ஒரு மரம் கிளைத்து வளர்ந்திருக்கின்றது. புதையலின் வழியைச் சொல்கின்றேன், என்னை எரித்து விடுதலை தா என்று அவள் கேட்கின்றாள். அதன்பின் அவன் அடிக்கடி தும்பாடுக்குப் போகின்றான், பொற்காசோடு வருகின்றான், புனேயில் பெரிய மனிதனாகின்றான். 1947-இல், நாடு விடுதலை பெற்று வாடா அரசின் கைக்குப் போகவிருக்கும் வேளையில், மொத்தத்தையும் ஒரேயடியாக அள்ளிவர மகனோடு இறங்குகின்றான். முடிவை நான் கூறப்போவதில்லை. பேராசையின் முடிவு எவ்வாறிருக்கும் என்று நம் பாட்டிமார் கதைகளைக் கேட்டவர்க்குத் தெரியும்.

இத்தகைய படங்களின் கவர்ச்சி எங்கே இருக்கின்றது? பேயின் கோரப் பல்லிலும் விரிந்த தலையிலும் இருப்பதாகப் பலர் எண்ணுவர். அஃது அன்று என்பதற்குச் சான்றுகள் பல. 1963-இல் ராபர்ட் வைஸ் இயக்கிய ‘தி ஹாண்டிங்’ என்னும் ஆங்கிலப் படத்தில் பேய் ஒருமுறையேனும் கண்முன் வருவதில்லை. கதவு தட்டப்படும் ஓசையும், மரக்கதவு மூச்சுவிடுவது போல உப்பி அடங்குவதுமே காண்போரை நாற்காலியோடு பிணித்துவிடுகின்றன. கமால் அம்ரோஹி இயக்கி 1949-இல் வெளிவந்த ‘மஹல்’ படத்தில் அசோக்குமாரை அலைக்கழிக்கும் மதுபாலா பேயே அல்லள், தோட்டக்காரன் மகள். அப்படத்தை நாடெங்கும் நிலைநிறுத்தியது, ஆளரவமற்ற மாளிகையில் தொலைவிலிருந்து நெருங்கி வரும் இளம் லதா மங்கேஷ்கரின் குரல். மலையாளத்து ‘மணிச்சித்திரத்தாழ்’ (1993), அதன் வழிவந்த தமிழ்ச் ‘சந்திரமுகி’ (2005) ஆகியவற்றில், பேய் என்று நாம் அஞ்சியது ஒரு பெண்ணின் மனநோயாக முடிகின்றது. ஆயினும் பூட்டிய அறை திறக்கப்படும் நொடியில் நம் நெஞ்சு திக்கென்றதே, அது பொய்யா?

ஆக, பேய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இப்படங்கள் அனைத்திலும் நிலையாக இருப்பது வீடு ஒன்றே. ஒருகாலத்தில் அங்கே உலை கொதித்தது, தொட்டில் ஆடியது, பெண்கள் சிரித்தனர். இப்போது யாருமில்லை. அவ்வாறாயின் அங்கே யார் இருக்கின்றனர்? இவ்வொரு கேள்வியே பேய்வீட்டுப் படத்தின் உயிர். புதுவீட்டில் பேய் குடியேறுவதாக எடுத்தால் நாம் நம்புவதில்லை. பிறந்து, வாழ்ந்து, விட்டுச்சென்ற வீடென்றால் உடனே நம்பிவிடுகின்றோம்.

தமிழ்ப்படங்களுள் இதனை நன்குணர்ந்து எடுக்கப்பட்டது ஸ்ரீதரின் ‘நெஞ்சம் மறப்பதில்லை’ (1963). கல்யாண்குமாரும் தேவிகாவும் முற்பிறவி நினைவால் கலங்கும் அப்படத்தில், பாழடைந்த மாளிகையில் நூறு வயதைக் கடந்த ஜமீன்தாராக நம்பியார் இன்னும் உயிரோடு காத்திருக்கின்றார். அவர் பேயல்லர், முதியவர். எல்லாரும் போய்விட்ட வீட்டில் போகாமல் எஞ்சியிருக்கும் ஒருவர். படத்தைப் பார்த்துப் பல்லாண்டு கழிந்தோரும் மற்றவற்றை மறந்து அந்த நடுங்கும் உருவத்தை மட்டும் நினைவில் வைத்திருக்கக் காணலாம்.

தும்பாட் கதையின் வேரும் அங்கேதான் இருக்கின்றது. பர்வே இளமையில், 1993-இல், நாக்ஜிராக் காட்டில் நண்பர் ஒருவர் சொல்லக் கேட்ட கதையே படத்திற்கு வித்து. அது புனேயில் வாழ்ந்து 2008-இல் மறைந்த மராட்டிய எழுத்தாளர் நாராயண் தாரப்பின் கதை. தாரப்போ அமெரிக்க எழுத்தாளர் ஸ்டீபன் கிங் எழுதிய ஒரு சிறுகதையைத் தழுவி அதனை எழுதினார். அந்த மூலக்கதையில் வாடாவுமில்லை, புதையலுமில்லை. படுத்த படுக்கையாகக் கிடக்கும் பாட்டியோடு ஒரு சிறுவன் வீட்டில் தனியே விடப்படுகின்றான், அவ்வளவே. அமெரிக்கச் சிற்றூரிலிருந்து மராட்டி நூலுக்கும், நூலிலிருந்து காட்டில் சொன்ன கதைக்கும், அதிலிருந்து திரைக்கும் வந்தபோது எல்லாம் மாறின. வீட்டில் விடப்பட்ட முதியவள் மட்டும் மாறவில்லை.

அன்பர்களே, இங்கேதான் இப்படம் நம்மவர்க்குத் தனியாக ஒன்றைச் சொல்கின்றது. விநாயக் யார்? பிறந்த ஊரில் பிழைக்க வழியின்றிப் புனேக்கு வந்து குடியேறியவன். நாமும் அவ்வாறு வந்தவர்களே. அவன் ஊரில் ஒரு பழைய வீடு இருந்தது. நம்மில் பலருக்கும் காவிரிக்கரையிலோ, பொருநைக்கரையிலோ, கரிசற்காட்டிலோ ஒரு பழைய வீடு இருக்கின்றது. அவன் வீட்டில் ஒரு மூதாட்டி விடப்பட்டாள். இதற்குமேல் ஒப்புமையைத் தொடர நமக்கு மனம் வருவதில்லை. ஆனால் தொடரத்தான் வேண்டும்.

சங்கிலி நம் வீடுகளில் இல்லை, உண்மை. ஆயினும் முழங்கால் வலியும், மங்கிய கண்ணும், பேச்சுத்துணையின்மையும் சங்கிலிகளே. அவள் விழித்துக்கொண்டு ‘எப்போது வருவாய்?’ என்று கேட்கும்போது உறங்கவைக்க நம்மிடமும் ஒரு மந்திரம் இருக்கின்றது. ‘அடுத்த மாதம் வருகின்றோம் அம்மா’ என்பது அதன் பெயர். தொலைபேசியில் அதனைச் சொன்னவுடன் அவளும் அமைதியாகிவிடுகின்றாள். நம்பி அமைதியானாளா, நம்மை வருத்தலாகாது என்று அமைதியானாளா என்பதை நாம் கேட்பதில்லை.

விநாயக் எதற்காகத் திரும்பினான் என்பதையும் நோக்கவேண்டும். கிழவியைக் காணவன்று, பொன்னுக்காக. நம் ஊர்ப் பயணங்களை ஒருமுறை எண்ணிப் பார்ப்போம். பட்டா மாற்றம், பாகப்பிரிவினை, நிலத்தை விற்றல், வீட்டை யார் பெயருக்கு எழுதுவது என்னும் வழக்கு ஆகியவற்றுக்கு விடுப்பும் கிடைக்கின்றது, இரயிலில் இடமும் கிடைக்கின்றது. அம்மா காய்ச்சலில் படுத்தாள் என்றால் மட்டும் அலுவலகத்தில் வேலை மிகுந்துவிடுகின்றது. குறைகூறுவதற்காக இதனைச் சொல்லவில்லை. புனேக்கும் தமிழ்நாட்டுச் சிற்றூருக்கும் இடையேயுள்ள தொலைவு, குழந்தைகளின் தேர்வு, செலவு யாவும் உண்மையான தடைகள். மேலும், எல்லா முதியவரும் கைவிடப்பட்டோர் அல்லர். புனேக்கு வா என்று அழைத்தால் ‘துளசிக்கு யார் நீர் ஊற்றுவது?’ என்று மறுப்பவர்களும் பலர். ஆயினும் தடையை உண்மையென்று சொல்வது வேறு. தடைக்குள் ஒளிந்துகொள்வது வேறு.

விநாயக்கின் தாய் மகனிடம் ‘திரும்பாதே’ என்று சத்தியம் வாங்கினாள். நம் தாய்மார் அதற்கு மாறாக ‘பொங்கலுக்கு வந்துவிடு’ என்றே வழியனுப்பினர். இரண்டு சத்தியங்களும் எளிதில் மீறப்படுகின்றன என்பதுதான் வேடிக்கை.

ஆகவே, பேய்வீட்டுப் படத்தைக் கண்டு நாம் அஞ்சுவது பேய்க்கு மட்டுமன்று. பூட்டிய கதவுக்குப் பின்னே நமக்காக யாரோ இன்னும் விழித்திருக்கின்றார் என்னும் எண்ணத்திற்கே பெரிதும் அஞ்சுகின்றோம். படம் முடிந்து வெளியே வரும்போது உண்டாகும் ஆறுதல், அது வேறொருவர் வீடு என்பதால் வருவது. நல்ல படம் அவ்வாறுதலை நெடுநேரம் நிலைக்க விடுவதில்லை. வீட்டுக்கு வந்து விளக்கை அணைத்த பின் அது மீண்டும் நம்மிடம் பேசத் தொடங்குகின்றது. தும்பாட் ஆறாண்டு கழித்துத் திரும்பி வந்தபோது மக்கள் மீண்டும் சென்று பார்த்ததற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

ஐப்பசி, கார்த்திகையில் மழை ஓய்ந்து வானம் தெளிந்திருக்கும் ஒரு ஞாயிறன்று கோந்த்வாவிலிருந்து புறப்படுங்கள். பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். படத்துக்குத்தான் வயது வரம்பு, வாடாவுக்கு இல்லை. சங்கமேசுவரரை வணங்கி, சீத்தாப்பழம் வாங்கிக்கொண்டு, புரந்தரே வாடாவின் வாயிலுக்கு எதிரே சற்று நில்லுங்கள். ‘இந்த வீட்டில் யார் இருக்கின்றார்கள்?’ என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். அதற்கு விடை கூறிய கையோடு, நம் ஊரிலுள்ள வீட்டைப் பற்றியும் சொல்லுங்கள்: திண்ணை எத்துணை நீளம், கிணற்று நீரின் சுவை எப்படி, எந்தத் தூணில் உங்கள் உயரத்தைக் கரிக்கோட்டால் குறித்து வைத்தீர்கள் என்று. அங்கே இப்போது யார் இருக்கின்றார் என்பதையும் சொல்லுங்கள். பாட்டி தனியாகவா இருக்கின்றாள் என்று பிள்ளை கேட்டால், விடையை அடுத்த மாதத்திற்குத் தள்ளிவைக்காமல், திரும்பும் வழியிலேயே பயணச்சீட்டுக்கு ஏற்பாடு செய்துவிடுங்கள்.